திரையில் இல்லாத மஞ்சள்

சோறு பொங்கி உப்புக் கலந்த கஞ்சி அடுப்பில் வழிந்தால், நீலச் சுடர் ஒரு கணம் பளிச்சென்று மஞ்சளாகும். அது சோடியத்தின் மஞ்சள். அலைநீளம் ஏறத்தாழ 589 நானோமீட்டர். அதற்கு நெருங்கிய மஞ்சளைக் கணினித் திரையிலும் வரவழைக்கலாம். ஆனால் வீட்டுக் கணினித் திரையில் மஞ்சளுக்கென்று ஒரு புள்ளிகூடக் கிடையாது. திரைமேல் தெறித்த ஒரு துளி நீர் உருப்பெருக்கியாகி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்: சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறக் கீற்றுகள், அவ்வளவுதான். தூரத்தில் தெரிகிறது, கிட்டப் போனால் இல்லை. அப்படியானால் திரை பொய் சொல்கிறதா? முதன்முதலாக மானிட்டர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் கேள்வியும் உள்ளூர இதுதான்: எது உள்ளதை உள்ளபடி காட்டும்? இது தத்துவக்காரர்களின் கேள்வி என்று ஒதுக்கிவிட்டு விலையையும் அங்குலத்தையும் மட்டும் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் தவறான பெட்டியோடு வீடு திரும்புகிறார்கள்.

மூன்று நிறம் என்ற கணக்கு கண்ணிலிருந்து வந்தது. நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. சோடியச் சுடர் அவற்றில் இரண்டு வகையை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் தூண்டுகிறது. திரையின் சிவப்பும் பச்சையும் சேர்ந்து அதே விகிதத்தை எழுப்பிவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 1861இல் லண்டனில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல், ஒரு நாடாவை மூன்று நிற வடிகட்டிகள் வழியே தனித்தனியாகப் படமெடுக்கச் செய்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒளிவீசி நிறப்படமாகக் காட்டினார். நம் மேசைமேல் இருக்கும் பெட்டி அந்த விளக்கத்தின் வாரிசு. இரண்டு மஞ்சள்களும் ஒளி என்ற வகையில் வேறுதான். சுத்தமான சோடிய ஒளியில் சிவப்புத் துணியும் பச்சைத் துணியும் வேறுபாடின்றி மங்கிக் கிடக்கும். திரையின் மஞ்சளில் பிடித்தால் சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் தெரியும். நேரே பார்க்கும் கண்ணுக்கு மட்டும் அந்த வேற்றுமை எட்டாது.

இங்கே அத்வைதி குறுக்கிடுவார். துளி நீரால் கலையும் தோற்றம் மாயைதானே, கயிற்றில் கண்ட பாம்புபோல? ஆனால் கயிறு என்று அறிந்ததும் பாம்பு போய்விடுகிறது. மூன்று கீற்றுகளை அறிந்தபின்னும் மஞ்சள் போவதில்லை. இந்த வேறுபாட்டை அத்வைத மரபே கண்டிருக்கிறது. செம்பருத்திப் பூவின் அருகே வைத்த படிகம் சிவப்பாகத் தெரிவது அவர்கள் காட்டும் இன்னொரு உவமை. படிகத்துக்கு நிறமில்லை என்று தெரிந்துகொண்டாலும், பூ இருக்கும்வரை சிவப்பும் இருக்கும். அதையும் அவர்கள் மயக்கத்தின் கணக்கிலேயே சேர்ப்பார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சைவ சித்தாந்தம் அதே படிகத்தை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது: உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பதற்கு அது சான்று. சார்பினால் வரும் வண்ணம் சார்பினாலேயே பொய்யாகிவிடாது. சித்தாந்திக்கு மாயை என்பதும் பொய்த்தோற்றம் அல்ல, உலகம் உருவாகும் மூலப்பொருள். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் காட்சியின் குற்றங்களாக ஐயத்தையும் திரிபையும் வைக்கிறார். இதுவா அதுவா என்று தடுமாறுவது ஐயம். ஒன்றை மற்றொன்றாகத் துணிவது திரிபு. இரண்டும் வேற்றுமை தெரியாமல் போவதால் வருபவை. இந்த அளவுகோலைத் திரைக்கு வைத்தால் கேள்வி தெளிந்துவிடுகிறது. இல்லாத மஞ்சளைக் காட்டுவதால் திரை பொய்யாகாது, ஏனென்றால் கண் பிரித்தறியக்கூடிய எதையும் அது அழிக்கவில்லை. கண் பிரித்திருக்கக்கூடிய இரண்டை ஒன்றாக்கிவிடும்போதுதான் திரை பொய் சொல்கிறது.

மானிட்டர் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களெல்லாம் இந்த வகைப் பொய்யின் அளவுகளே. நிறத்தை எடுத்துக்கொள்வோம். எஸ்ஆர்ஜிபி என்பது 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த நிறப்பரப்பு. இணையத்தில் காணும் படங்கள் பெரும்பாலும் அதை நம்பித்தான் தயாராகின்றன. மலிவான மடிக்கணினிகளின் குறிப்பில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' (இது பழைய தொலைக்காட்சி நிறப்பரப்பு ஒன்றின் பெயர்) என்று இருந்தால், அந்தத் திரை எஸ்ஆர்ஜிபி பரப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது என்று பொருள். குங்குமச் சிவப்பும் அரக்கும் அதில் நெருங்கிவிடும். இணையத்தில் புடவை வாங்குகிறவருக்கு இது திரிபுக்காட்சி அல்லாமல் வேறென்ன? '72 சதவீதம் என்டிஎஸ்சி' என்றோ 'நூறு சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்றோ இருப்பதைத் தேடுவது நல்லது. அதுவும் முழு உண்மையைத் தராது. மயில்கழுத்து போன்ற ஆழ்ந்த பச்சைநீலங்களில்தான் இந்தப் பரப்பு முதலில் திணறும். அடுத்தது பேனல். பழைய டிஎன் வகையைக் கீழிருந்து பார்த்தால் இருண்ட சாயல்கள் தலைகீழாகும். ஐபிஎஸ் வகை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஏறக்குறைய அதே நிறத்தைத் தரும். ஆனால் இருட்டறையில் ஐபிஎஸ் திரையின் கறுப்பு சற்று சாம்பலாகத் தெரியும், ஏனெனில் அதன் ஒளிமாறுபாடு பொதுவாக 1000:1 அளவில்தான். விஏ பேனலில் அது பொதுவாக 3000:1 அளவுக்குப் போகும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கு விஏ. பகலில் பலர் கூடிப் பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ். எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பவருக்குப் பதில் கிடையாது, பார்ப்பவரும் அறையும் அந்த வாக்கியத்தில் விடுபட்டிருப்பதால்.

பௌத்தர் வேறொரு பக்கத்திலிருந்து வருவார். திரையில் நிலைத்த படம் எதுவுமே இல்லை, நொடிக்கு 60 முறை புதிதாக எழுதப்படும் கணங்களே உள்ளன. நீங்கள் பொருள் என்பது கணங்களின் வரிசைக்கு இட்ட பெயர். இந்தக் கணபங்க வாதத்தோடு, பிற மதங்களை மறுக்கும் சித்தியாரின் பரபக்கம் மல்லுக்கட்டுகிறது. அந்த வழக்கை இங்கே தீர்க்க முடியாது, தீர்க்கவும் வேண்டாம். கணங்கள் தனித்தனி என்பதை ஒப்புக்கொண்டாலும், அவற்றின் இடைவெளி கண்ணுக்கு எட்டுகிறதா என்பதுதான் வாங்குகிறவரின் கேள்வி. பழைய எச்டிஎம்ஐ 1.4 வழியே 4கே திரையை இணைத்தால் நொடிக்கு 30 படம்தான் வரும். சுட்டி தத்தித் தத்திப் போவதை எவரும் காண்பார்கள். 60இல் அது வழுக்கிச் செல்லும். 144 ஹெர்ட்ஸ், வேகமான விளையாட்டு ஆடுகிறவருக்குப் பயன்படும். கணக்கு எழுதுகிறவருக்கு அந்தப் பணம் நாற்காலிக்குப் போகலாம். (144 ஹெர்ட்ஸ் வாங்கிவிட்டு, கணினியின் அமைப்பில் மாற்றாமல் 60லேயே ஓட்டுகிறவர்களும் உண்டு.)

வலுவான மறுப்பு இன்னொன்று. பார்ப்பவரைச் சார்ந்ததுதான் உண்மை என்றால் யாருக்கும் எதுவும் சரி என்றாகிவிடாதா? மஞ்சள் நமக்கு ஒன்றாகத் தெரிவது நம் கண்ணின் ஏழ்மை. நான்கு வகைக் கூம்புகள் கொண்ட பறவைக்குத் திரையில் தெரியும் எலுமிச்சை எலுமிச்சையாகத் தோன்ற வேண்டியதில்லை. உண்மைதான். ஆனால் சார்பு என்பது தான்தோன்றித்தனம் அல்ல, சார்பை அளக்கலாம். சராசரி நல்ல பார்வை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும், 60 செ.மீ. தொலைவில் அது சுமார் 0.17 மி.மீ. 1920×1080 புள்ளிகள் கொண்ட 24 அங்குலத் திரையில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.28 மி.மீ.; அதே புள்ளிகளை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 0.31, 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் 0.23, 4கே என்றால் 0.16. புள்ளி மறைய வேண்டும் என்பது மட்டுமே குறிக்கோள் என்றால் கடைசி ஒன்றுதான் தேறும். ஆனால் படிக்கிறவருக்கு வேண்டியது எழுத்து குழம்பாமலிருப்பது. விளிம்பை மென்மையாக்கும் நுட்பம் அதற்குப் பெரிதும் கைகொடுப்பதால், தொடங்குகிறவருக்கு 24 அங்குல 1080 போதும், 27க்குப் போனால் 1440. பெரிதாக இருக்கிறதே என்று 27 அங்குல 1080ஐ வாங்குவதுதான் இந்தச் சந்தையில் அதிகம் நடக்கும் தவறு என்பது என் கணிப்பு.

ஆகவே கடையில் ஓடிக்கொண்டிருக்கும் பளபளப்பான அருவிக் காட்சியை நிறுத்தச் சொல்லலாம். அது எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும், எந்த வேற்றுமையையும் காட்டச் சொல்லிக் கேட்காததால். வெள்ளைப் பக்கத்தில் சிறிய தமிழ் எழுத்துகளைத் திறந்து, வீட்டு மேசையில் உட்காரும் தூரத்தில் நின்று, 'மனம்' என்றும் 'மணம்' என்றும் அருகருகே தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று கண் ஒரு நொடி தயங்கினால், விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் அடுத்த திரைக்கு நகரலாம்.