வீரம் ஆண்பாற் சொல்லா?

ஒரு சமுதாயம் எவரைப் போற்றுகிறது என்பதை அறிய வேண்டின், அதன் சட்ட நூல்களைப் புரட்டுவதினும் அது தன் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளைக் கேட்பதே எளிய வழியாகும். பண்டு பாட்டிமார் சொல்லிய கதைகளின் இடத்தை இன்று பெருமளவு திரைப்படங்கள் பற்றிக்கொண்டன. அவற்றுள்ளும் அமெரிக்காவிலிருந்து வரும் அதிமனித வீரர் படங்கள் நம் இல்லத்துச் சிறார் வரை எட்டியிருக்கின்றன. சினிமாவைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். நாம் ஈண்டு ஆராயப் புகுவது படத்தையன்று. அதன் பின்னே நிற்கும் நீதியைப் பற்றிய வினாவையே.

சூப்பர்மேன் என்னும் வீரன் சித்திரக்கதையில் தோன்றியது 1938இல். மூன்றே ஆண்டுகளில், 1941இல், வில்லியம் மார்ஸ்டன் என்னும் உளநூல் அறிஞர் வொண்டர் உமன் என்னும் வீராங்கனையைப் படைத்தார். ஏட்டில் மூன்றாண்டாக இருந்த இடைவெளி திரையில் எவ்வளவாயிற்று? சூப்பர்மேனைப் பற்றிய பெரும்பொருட் செலவிலான படம் 1978இல் வந்தது. வொண்டர் உமனுக்குத் திரையரங்கில் தனிப்படம் வாய்த்ததோ 2017இல். மார்வெல் நிறுவனம் 2008 முதல் 2018 வரை ஒரே தொடராக 20 படங்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றிலேனும் பெண்ணொருத்தி தனி நாயகியாக இல்லை. 2019இல் வந்த 21ஆம் படமான கேப்டன் மார்வெலே அத்தொடரில் முதலாவதாயிற்று.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம் யாது? பெண்ணை நாயகியாக்கினால் மக்கள் பாரார் என்பதே. 2014இல் சோனி நிறுவனத்தின் கோப்புகள் களவாடப்பட்டு வெளியான போது, மார்வெலின் தலைமை அதிகாரி சோனியின் தலைவருக்கு எழுதிய மடலொன்றும் வெளிவந்தது. சூப்பர்கேர்ள் (1984), கேட்வுமன் (2004), எலெக்ட்ரா (2005) ஆகிய மூன்று படங்களின் தோல்வியை அம்மடல் வரிசைப்படுத்தியிருந்தது.

மதரஸாக்களில் மன்திக் என்னும் தருக்கக் கலையைப் பயின்றோர் இவ்விடத்தில் புன்முறுவல் பூப்பர். சிலவற்றைக் கண்டு அனைத்திற்கும் விதி சொல்வதை அக்கலை ‘இஸ்திக்ராஉன் நாகிஸ்’, அதாவது குறையுடைய தொகுத்தறிவு என்கிறது. அதற்கு ஆசிரியர்கள் வழிவழியாகக் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. மனிதனும் குதிரையும் மாடும் மெல்லும் போது கீழ்த்தாடையை அசைக்கக் கண்ட ஒருவன், எல்லா உயிர்களும் அவ்வாறே என்று முடிவு கட்டினானாம். முதலையோ மேல்தாடையை அசைப்பது என்று சொல்லி அவன் முடிவை மறுப்பார்கள். மூன்று படங்களைக் கொண்டு பெண்குலத்திற்கே விதி எழுதியவர்கள் அந்தப் பாடத்தைக் கேட்டிலர் போலும்!

தருக்கப் பிழை மட்டுமாயின் மன்னித்து விடலாம். இங்கே அளவுகோலும் இரண்டாயிற்று. 1987இல் வந்த நான்காம் சூப்பர்மேன் படம் வீழ்ந்தது. 2006இல் அவ்வீரன் மீண்டும் வந்தான். 1997இல் பேட்மேன் படம் நகைப்புக்கு இடமாயிற்று. 2005இல் புதுப்பொலிவுடன் எழுந்தான். 2011இல் கிரீன் லாண்டர்ன் தோற்றது. ஆண்கள் நாயகராதல் ஆகாது என்று அப்போது எவரேனும் மடல் எழுதினரா? ஆணின் படம் தோற்றால் கதையையும் இயக்குநரையும் குறை கூறுவர். பெண்ணின் படம் தோற்றால் அவள் பெண்ணாயிருந்ததையே குறை கூறுவர். ஒருவருக்கு அவரவர் கணக்கு, மற்றொருவருக்கோ இனத்தின் கணக்கு என்பது எவ்வகை நீதி?

விளையாட்டுப் பொருள்களின் கதை இன்னும் வியப்பானது. 2013இல் வந்த மூன்றாம் அயர்ன்மேன் படத்தில் முதலில் பெண்ணாக எழுதப்பட்டிருந்த எதிர்நாயகப் பாத்திரம், பெண் பொம்மை விலைபோகாது என்னும் கணக்கினால் ஆணாக மாற்றப்பட்டதென அதன் இயக்குநரே பின்னர் கூறினார். 2015இன் அவெஞ்சர்ஸ் படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பாய்பவள் பிளாக் விடோ. கடைக்கு வந்த பொம்மையிலோ வண்டியின் மீது கேப்டன் அமெரிக்கா வீற்றிருந்தார்! பொம்மை செய்யாமையால் விற்கவில்லை, விற்காமையால் செய்யவில்லை என்னும் இச்சுழலை மன்திக் ‘தவ்ர்’ என்று பெயரிட்டு விலக்குகிறது.

வொண்டர் உமன் 80 கோடி டாலருக்கு மேலும், கேப்டன் மார்வெல் 110 கோடி டாலருக்கு மேலும் ஈட்டின. ஆயினும் இவ்வெற்றியை நாம் முடிவான சான்றாகக் கொள்ளோம். வசூலே உரிமைக்கு ஆதாரமாயின், 2023இல் தி மார்வெல்ஸ் படம் நட்டமடைந்ததும் அவ்வுரிமை பறிபோக வேண்டுமன்றோ? உண்மையில் அப்போது பழைய பேச்சு மீண்டும் எழவே செய்தது. அப்படத்தின் மூன்று நாயகியருள் ஒருத்தி கமலா கான். பாகிஸ்தானிய வழிவந்த முஸ்லிம் குடும்பத்துச் சிறுமி. 2014 முதல் தன் பெயரில் சித்திரக்கதை இதழும், 2022இல் தொலைக்காட்சித் தொடரும் பெற்றவள். ஒரு படத்தின் நட்டத்தை அச்சிறுமியின் பால் மீதோ மார்க்கத்தின் மீதோ சுமத்துவது தகுமா?

பெண்ணுக்கு வீரம் என்பது ஆணைப்போல் குத்துவிடுவதுதானா என்று வினவுவோரும் உளர். நல்ல வினாவே. ஆயின் அதை ஆணை நோக்கியும் கேட்க வேண்டும். எளியோருக்காகத் தன்னை இடருள் இடுவதே வீரம். அதற்குத் தாடி மீசை நிபந்தனையன்று.

இறுதியாக ஒன்று. இம்மனக்கணக்கு ஹாலிவுட்டில் மட்டும் வாழவில்லை. கல்லூரிக்குச் சென்ற மகன் தேர்வில் தவறினால் அவன் சோம்பேறி என்போம். மகள் தவறினால், பெண்களைப் படிக்க வைத்தால் இப்படித்தான் என்று அவள் தங்கையரின் புத்தகங்களையும் மூடி வைப்போம். அந்தத் தங்கையர் செய்த தவறு யாதென்று நம் வாசகப் பெற்றோர் ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக.