எத்தனை உயிர் என்பதே கேள்வி

கிர்நார் பாறையில் அசோகர் வெட்டுவித்த முதல் கட்டளை அடுக்களையைப் பற்றியும் பேசுகிறது. முன்பெல்லாம் அரண்மனைச் சமையலுக்காக நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன. இப்போது மூன்றுதான், இரண்டு மயிலும் ஒரு மானும், அந்த மானும் எல்லா நாளும் இல்லை. இனி அந்த மூன்றும் கொல்லப்பட மாட்டா என்று அது அறிவிக்கிறது. வேள்விப் பலியை ஒரேயடியாகத் தடுக்கும் அதே கட்டளை, உணவு என்று வரும்போது எண்ணிக்கையில் இறங்கிப் பேசுவது கவனிக்கத்தக்கது.  புலால் பற்றிய நம் விவாதங்களிலோ பெரும்பாலானவை உண்ணலாமா கூடாதா என்ற ஒரே இடத்தில் சிக்கி நின்றுவிடுகின்றன. உண்பவர் ஒரு பக்கம், உண்ணாதவர் ஒரு பக்கம் என்று பிரிந்தபின் இருவருக்கும் யோசிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. எவ்வளவு என்ற கேள்விதான் இன்று அறத்தின் கனமான கேள்வி என்பது என் வாதம். எவ்வளவு என்று கேட்கும்போதுதான் நிலத்தின் மேல் உள்ள அக்கறையும் உயிரின் மேல் உள்ள இரக்கமும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஒரே திசையைக் காட்டுகின்றன.

நிலத்திலிருந்து தொடங்கலாம். 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி, ஜோசப் பூரும் தாமஸ் நெமெசெக்கும் 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகின் விவசாய நிலத்தில் சுமார் 83 சதவீதத்தை இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவை எடுத்துக்கொள்கின்றன; அவை திருப்பித் தருவதோ மனிதருக்கு வேண்டிய கலோரியில் 18 சதவீதம், புரதத்தில் 37 சதவீதம். மனிதரால் வெளியேறும் பசுமைக்குடில் வாயுக்களில் கால்நடை வளர்ப்பின் பங்கு 14.5 சதவீதம் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013இல் கணக்கிட்டது. பத்தாண்டு கழித்து வந்த கணக்கில் அது ஏறத்தாழ 12 சதவீதம். எதை எடுத்துக்கொண்டாலும் சிறிய பங்கல்ல. மாட்டின் வயிற்றில் புல் செரிக்கும்போது உண்டாகும் மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் நிற்கும். ஆனால் நிற்கும் காலத்தில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இன்று அதைக் குறைத்தால் இந்தத் தலைமுறையே பலனைக் கண்கூடாகக் காணும். உலகில் இன்று வாழும் பாலூட்டிகளையெல்லாம் நிறுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 60 சதவீதம் கால்நடை, 36 சதவீதம் மனிதர், காட்டு விலங்குகள் வெறும் 4 சதவீதம் என்று அதே 2018இல் இன்னோர் ஆய்வு சொன்னது. யானையும் திமிங்கலமும் புலியும் மானும் சேர்ந்து அந்த நான்கு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்தக் கணக்கைப் படித்த பலர் உடனே வரும் முடிவு, ஆட்டையும் மாட்டையும் விட்டுவிட்டுக் கோழிக்கு மாறுவது. சுற்றுச்சூழல் தராசில் மட்டும் வைத்தால் அது சரிதான். கோழி அசைபோடுவதில்லை, தீனியைச் சிக்கனமாகக் கறியாக்குகிறது. ஆனால் இந்த இடத்தில் இரக்கம் குறுக்கே வந்து நிற்கிறது. ஒரு பெரிய மாட்டின் இறைச்சிக்கு ஈடுசெய்ய நூறு கோழிக்குமேல் வேண்டியிருக்கும். உலகில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கும் அதிகமான கோழிகள் இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன. நாமக்கல்லும் பல்லடமும் கோழி வளர்ப்புத் தொழிலால் நாடு முழுக்கப் பெயர் பெற்றவை. கறிக்கோழி என்பது எப்படிப்பட்ட உயிர் என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீனி கொடுத்து ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் முதலாவது 905 கிராம், இரண்டாவது 4,202 கிராம். வளர்ப்பு முறை மாறவில்லை. உயிரின் உடம்பே மாற்றப்பட்டிருக்கிறது. ஒருநாள் குஞ்சாகப் பண்ணைக்கு வந்து, ஏறத்தாழ நாற்பதே நாளில் இரண்டு கிலோவைத் தாண்டும் கறிக்கோழிக்கு நெஞ்சுக்கறி ஏறும் வேகத்துக்குக் கால் எலும்பு ஈடுகொடுப்பதில்லை. பல கோழிகள் கடைசி வாரங்களில் பெரும்பாலான நேரம் தங்கள் எச்சம் கலந்த தேங்காய் நார்க்கழிவின் மேலோ உமியின் மேலோ உட்கார்ந்தே கிடக்கின்றன. முட்டைக்கோழியின் நிலை இன்னும் இறுக்கமானது. கம்பிக் கூண்டில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் ஏ4 தாளைவிடச் சிறிய இடம். சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. முட்டையினத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சுகள் பொரிப்பகத்திலேயே முதல் நாள் கொல்லப்படுவது உலகின் பெரும்பாலான நாடுகளில் நடக்கும் வழக்கம், அவற்றால் யாருக்கும் இலாபம் இல்லை என்பதால்.

ஆக, எந்த இறைச்சி என்று கேட்டால் சூழலியல் கோழியைக் கைகாட்டுகிறது. துன்பப்படும் உயிர்களின் எண்ணிக்கை கோழியைத்தான் முதலில் விடச் சொல்கிறது. இந்த முரணை எந்தச் சாமர்த்தியத்தாலும் தீர்க்க முடியாது, அளவைக் குறைப்பதைத் தவிர. ஆட்டுக்குப் பதில் கோழி என்பதை விட்டு, கறிக்குப் பதில் பயறு, கடலை, மொச்சை, துவரை என்று மாறும்போதுதான் இரண்டு கணக்கும் ஒருசேரக் குறைகின்றன. கோழிக்குத் தீனியாகப் போவது முக்கியமாக மக்காச்சோளமும் சோயாவும். பெரம்பலூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஏக்கர் ஏக்கராக நிற்கும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதிக்கு வீட்டு உலையோடு தொடர்பே இல்லை. ஒரு கிலோ உயிர் எடைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தீனி. அந்த உயிர் எடையிலும் இறகு, குடல், எலும்பு போக மிஞ்சுவதே கறி. மனிதர் நேரடியாகத் தின்னக்கூடிய புரதத்தில் பெரும்பகுதியை வழியிலேயே இழந்துவிட்டு மிச்சத்தை உண்கிறோம்.

கோழிக்கு வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் உணர்வு இருப்பதற்கான நரம்பியல் அடிப்படை இருக்கிறது என்று 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய அறிவியலாளர்கள் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். இதைவிட நம் பக்கம் அதிகம் கேட்கும் கேள்வி, செடிக்கும் உயிர் இருக்கிறதே, அதைத் தின்னலாமா என்பது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பிய மரபு, புல்லையும் விலங்கையும் ஒரே படியில் வைக்கவில்லை. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு ஒன்று, விலங்குக்கும் பறவைக்கும் ஐம்புலனும். அதை ஒதுக்கிவிட்டு, செடியின் உயிரும் ஆட்டின் உயிரும் சமம் என்றே வைத்துக்கொண்டாலும் வாதம் மாறாது. கறிக்கு வளரும் விலங்கு தன் வாழ்நாளில் தின்று தீர்க்கும் செடிகளையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். செடிமேல் உண்மையான இரக்கம் உள்ளவருக்கும் கறியைக் குறைப்பதே வழி.

கடினமான ஆட்சேபம் வேறொன்று. இந்த மண்ணில் புலால் மறுப்பு பெரும்பாலும் அறமாக வரவில்லை, சாதியின் அடையாளமாக வந்தது என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. சைவக் குடும்பத்துக்கு மட்டும் வீடு வாடகைக்கு என்ற அறிவிப்பு, யாருக்கு வீடு இல்லை என்பதைப் பெயர் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. தீண்டாமையின் தோற்றத்தையே மாட்டிறைச்சி உண்பதோடு தொடர்புபடுத்தி அம்பேத்கர் 1948இல் ஒரு நூலே எழுதினார். 2015இல் தாத்ரியில் மாட்டிறைச்சி வைத்திருந்ததாகக் கிளம்பிய வதந்தியின் பேரில் ஒரு மனிதரைக் கும்பல் அடித்துக் கொன்றது. 2017இல் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. இத்தனையும் பார்த்தவர்களிடம் போய்க் கறியைக் குறையுங்கள் என்று சொன்னால் சந்தேகத்தோடு பார்க்கத்தான் செய்வார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது.

ஆனால் தூய்மையை அளக்கும் கோலும் துன்பத்தை அளக்கும் கோலும் ஒன்றல்ல. தூய்மைக்காரர் பார்ப்பது பாத்திரத்தில் என்ன பட்டது, யார் கை தொட்டது என்பதை. துன்பத்தைப் பார்ப்பவர் எத்தனை உயிர், எவ்வளவு நாள், எவ்வளவு நிலம், எவ்வளவு நீர் என்று கேட்கிறார். இந்த இரண்டாவது கோலை எடுத்தால் முதலில் சங்கடப்பட வேண்டியவர்களில் பாலும் நெய்யும் பன்னீரும் தாராளமாகப் புழங்கும் வீடுகளும் உண்டு. மாடு கன்று ஈனாமல் பால் சுரப்பதில்லை. ஈன்றவற்றில் பாதி கிடாக்கன்று. பால் வற்றிய எருமையும் வேண்டாத கிடாக்கன்றும் கடைசியில் போகும் இடம் இறைச்சிக் கூடம். உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடும், எருமை இறைச்சி ஏற்றுமதியில் முன்வரிசையில் நிற்கும் நாடும் ஒன்றே என்பது தற்செயல் அல்ல. பாலும் கறியும் ஒரே தொழிலின் இரு விளைச்சல். தினமும் பன்னீர் உண்பவர், ஞாயிறு மட்டும் மாட்டுக்கறி வாங்கும் கூலித் தொழிலாளியைவிட உயிருக்கும் நிலத்துக்கும் குறைவாகத் தீங்கு செய்கிறார் என்று யாரும் முன்கூட்டியே தீர்ப்பெழுத முடியாது. கணக்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அளவைப் பற்றிய அறம் யாரையும் பிறப்பால் மேலே ஏற்றிவைப்பதில்லை. அதனாலேயே இதைச் சாதி ஒழிப்பில் நம்பிக்கை உள்ளவர்கள் கையில் எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அளவு என்பதாலேயே இதில் எல்லோர் சுமையும் ஒன்றல்ல. அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி. இந்தியச் சராசரி அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. பி12 சத்து செடிகளிலிருந்து கிடைப்பதில்லை. இந்த நிலையில் சத்துணவுத் தட்டில் உள்ள முட்டையை எடுக்கச் சொல்வது கொடுமை; அதை அறம் என்று சொல்ல வாய் வரக் கூடாது. அந்த முட்டையிட்ட கோழி கூண்டுக்கு வெளியே வாழ வேண்டும் என்று கேட்பது வேறு, அதை அரசு கொள்முதலிலேயே கேட்கலாம். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆடு மேய்ப்பவர்களான கீதாரிகளும் இந்தச் சுமையைச் சுமக்க வேண்டியவர்கள் அல்ல. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு, குட்டிகளைக் கொடாப்பில் அடைத்துவிட்டு, ஆடுகளைத் தரிசிலும் வரப்பிலும் மேய்க்கிறார்கள். மனிதர் தின்ன முடியாத தாளையும் புல்லையும் தின்று, இரவெல்லாம் வயலுக்கு எருவிடுகின்றன அந்த ஆடுகள். அந்த முறையில் கிடைக்கும் கறி கொஞ்சம்தான். கொஞ்சமாக உண்ணும் சமூகத்துக்கு அது போதும். வாரத்தில் ஐந்து நாள் பிரியாணி கேட்கும் நகரத்துக்கு அதனால் ஒருபோதும் ஈடுகொடுக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கூண்டும் கொட்டகையும் வந்தன.

நான் ஒருவன் குறைத்தால் என்ன ஆகிவிடும், கோழி எப்படியும் அறுபடத்தானே போகிறது என்பது மிஞ்சியிருக்கும் ஆட்சேபம். தனக்காகக் கொன்றதைப் பார்க்காமல், கேட்காமல், அப்படி ஐயப்படவும் இடமில்லாமல் கிடைத்த புலாலைத் துறவி ஏற்கலாம் என்று பழைய பௌத்த விநயம் சொன்னது. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் இதற்கு மறுமொழி போல ஒன்றைச் சொல்கிறார்: தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விலைக்கு விற்போரும் இருக்க மாட்டார்கள். பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த சோற்றுக்கு விநயத்தின் விதி பொருந்தலாம். கடைத்தெருவுக்கு வள்ளுவரே சரி. கறிக்கோழித் தொழிலில் இது தெளிவாகத் தெரிகிறது. இன்று கடையில் தொங்கும் கோழி, நாம் வாங்குவோம் என்ற கணிப்பில் நாற்பது நாள் முன்பே குஞ்சாகப் பண்ணைக்குள் விடப்பட்டது. நம் பெயர் தெரியாவிட்டாலும் அது நமக்காகவே வளர்க்கப்பட்டது. அந்தக் கணிப்பை வீடுகள் மாற்ற முடியும் என்பதற்குப் பல குடும்பங்கள் கறியைத் தவிர்க்கும் புரட்டாசியே சான்று. ஆண்டுதோறும் அந்த மாதத்தில் கறிக்கோழி விலை சரிகிறது. முன்கூட்டியே குஞ்சு விடுவதைக் குறைக்கும் பண்ணைகளும் உண்டு. யாரும் சட்டம் போடவில்லை, ஊர்வலம் போகவில்லை. தனித்தனி வீடுகள் தனித்தனியாக எடுக்கும் முடிவு கொட்டகை வாசல்வரை போய்ச் சேர்கிறது. 

வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை, மாலை போட்ட நாட்கள் என்று கறி உண்ணும் தமிழ்க் குடும்பங்களுக்கு நிறுத்தத் தெரியும். அந்த நாட்களுக்கான சமையலும் கைவசம் உண்டு. குறைத்து உண்பதைப் புதிதாக எங்கிருந்தும் கற்க வேண்டியதில்லை. நாட்களை வைத்து மட்டும் பார்ப்பதில் உள்ள குறை, சனிக்கிழமை விட்டதை ஞாயிறு இரட்டிப்பாக ஈடுகட்டிவிட முடிகிறது என்பதுதான். புரட்டாசி முடிந்ததும் விலையும் மீண்டும் ஏறிவிடுகிறது. அதனால் எண்ண வேண்டியது விரத நாட்களை அல்ல, மாதம் வீட்டுக்குள் வந்த கிலோக்களை. அந்தக் கணக்கில் பாலும் நெய்யும் பன்னீரும் சேர வேண்டும், உணவகத்தில் உண்டதும் வீட்டுக்கு வரவழைத்ததும் சேர வேண்டும். விருந்துகளில் இலைக்கு ஒன்று போதும் என்ற இடத்தில் கோழி, ஆடு, மீன், முட்டை நான்கும் வைத்து, பாதியைக் குப்பையில் கொட்டுவதும் அதில் சேர வேண்டும். அங்கே வீணானது உண்பதற்குக்கூடப் பயன்படாமல் செத்த உயிர். குறைப்பதை அந்தப் பந்தியிலிருந்தே தொடங்கலாம். அங்கு யாருடைய பசியும் குறையாது.