தாமாரின் வாயை மூடியது யார்?

2 சாமுவேல் 13-ஐ நாம் சபையில் அதிகமாய் வாசிப்பதில்லை. தாமார் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு கதறி வந்தாள். அண்ணன் அப்சலோமோ வெளியே சொல்லாதே என்று அடக்கினான். தகப்பன் தாவீதுக்குக் கோபம் வந்தது, அதோடு சரி.

நானும் ஒரு அப்சலோமாய் இருந்தேன். கம்பெனியில் சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுக்கிறான் என்று ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி அழுதாள். "ஜெபம் பண்ணும்மா, பொறுமையா இரு" என்று அனுப்பிவிட்டேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

ரூத் 2:9-ஐப் பாருங்கள். போவாஸ் ரூத்துக்கு அடக்க ஒடுக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. அவளைத் தொடக்கூடாதென்று வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான். வயலும் வேலை ஸ்தலந்தானே!

2013-ம் வருஷத்துச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்கவேண்டும்; ஒரு பெண்தான் தலைவி. சின்ன இடமானாலும், முதலாளியே குற்றவாளியானாலும் மாவட்டக் குழு உண்டு. 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். தக்க காரணமிருந்தால் இன்னும் 3 மாதம் குழு நீட்டிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை முடியும்வரை லீவோ இடமாற்றமோ கேட்கலாம். பலாத்காரம் நடந்திருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் போங்கள், துணியைத் துவைக்காதீர்கள். 181-க்கு எந்நேரமும் போன் பண்ணலாம்.

அந்தச் சகோதரிக்கு இரண்டு மாதம் என்னால் வீணாய்ப் போயிற்று. போன வாரம் என் மனைவியோடு அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மூவருமாய் உட்கார்ந்து புகாரை எழுதினோம். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறாள்; என் மனைவி கூடப் போகிறாள்.