யாரை அஞ்சச் சொல்கிறோம்?

குறும்படம் எடுக்க முனையும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, "எந்த வகைப் படம்?" என்பதே. திகிலா, நகைச்சுவையா, காதலா, துப்பறியும் கதையா, ஆவணப் படமா? பெரும்பாலும் இக்கேள்வி ஒரு படிவத்தை நிரப்புவதுபோல் விரைந்து முடிந்துவிடுகிறது. கையிலுள்ள கருவி, உதவ வரும் நண்பர்கள், செலவிடத்தக்க தொகை, போட்டியில் பரிசு பெறும் வாய்ப்பு ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு விடை எழுதப்படுகிறது. இவை யாவும் நியாயமான கணக்குகளே. ஆயினும் இவற்றின் அடியில் ஓர் அறக்கேள்வி கேட்கப்படாமலேயே கிடக்கிறது. அதனை வெளியே எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறும்படம் இன்று வெறும் பொழுதுபோக்கு அன்று. கலைஞர் தொலைக்காட்சி நடத்திய 'நாளைய இயக்குநர்' போட்டியில் குறும்படங்கள் எடுத்தவர்களுள் கார்த்திக் சுப்பராஜ் 2012இல் 'பீட்சா'வையும், நலன் குமாரசாமி 2013இல் 'சூது கவ்வும்' படத்தையும் தந்தனர். முன்னது திகில் படம். பின்னது ஆள்கடத்தலை நகைச்சுவையாகச் சொல்வது. ஒரு வகைமையைத் தேர்ந்து, அதன் இலக்கணத்தைக் கற்று, அதனைத் தம் விருப்பப்படி வளைத்தவர்களுக்குத் திரையுலகம் கதவைத் திறந்தது. எனவே மாணவர்கள் வகைமையைப் பற்றிக் கவலைப்படுவதில் வியப்பில்லை.

வகைமை என்பது யாது? கடையில் பொருள்களை அடுக்கி வைப்பதற்கான பெயர்ச்சீட்டு என்று அதனைக் கருதுவோர் உண்டு. உண்மையில் அது பார்வையாளருக்குத் தரப்படும் முதல் வாக்குறுதி. "இங்கே நீங்கள் சிரிக்கலாம்", "இங்கே நீங்கள் அஞ்சலாம்" என்று படம் தொடங்குமுன்பே நாம் அவரிடம் சொல்லிவிடுகிறோம். தமிழர்க்கு இது புதிய சிந்தனை அன்று. தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த அந்நூல், ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கிறது என்பதையும் நந்நான்காகப் பிரித்துக் காட்டுகிறது. அச்சத்திற்கு அது கூறும் நான்கு காரணங்கள்: வருத்தும் தெய்வ ஆற்றல், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவன். அச்சம் எழுந்ததா என்பதோடு நில்லாமல், எதனைக் கண்டு எழுந்தது என்று அவ்விலக்கணம் வினவுவதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்வோம். நம் வினாவுக்கு அதுவே திறவுகோல்.

இனி ஓர் ஊரில் நின்று இதனை ஆராய்வோம். திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே, சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் உள்ளது கூட்டேரிப்பட்டு. மயிலம் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் சாலை இங்கிருந்து பிரிகிறது. தொலைதூரப் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இவ்வூரை ஒரு பெயர்ப்பலகையாக மட்டுமே கண்டு விரைகின்றன. இங்கே வாழ்வோர்க்கோ இச்சாலை, பால் வாங்கவும் பள்ளிக்குச் செல்லவும் நிலத்திற்குப் போகவும் கடந்தாக வேண்டிய ஒன்று. விரைவோர்க்கும் கடப்போர்க்கும் இடையே நிகழும் இந்தச் சந்திப்பில் சில வேளைகளில் உயிர் போய்விடுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அஃதாவது நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 49 பேர்.

இவ்வூருக்கு ஒரு மாணவர் குழு குறும்படம் எடுக்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலையோரத்தில் ஒரு புளியமரம். அதனடியில் இரு சக்கர வண்டியில் சென்ற ஓர் இளைஞன் அடிபட்டு இறந்தான் என்று ஊரார் சொல்கின்றனர். குழுவில் ஒருவர், "பேய்ப்படம் எடுப்போம். இரவு, மரம், தனியே வரும் வண்டி; செலவும் குறைவு" என்கிறார். இன்னொருவர், "அது மலிவான வழி. இறந்தவனின் தாயைப் பேட்டி கண்டு ஆவணப் படம் எடுப்போம், அதுதான் உண்மை" என்கிறார். மூன்றாமவர், "யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு காதல் கதையாகச் சொல்வோம்" என்கிறார். குழு கற்பனையே, மூவர் கூற்றுகளோ எந்த வகுப்பறையிலும் கேட்கக்கூடியவை. இவற்றுள் எது அறத்திற்கு இயைந்தது?

முதற்கூற்றை எடுத்துக்கொள்வோம். வேகத்தாலோ, விளக்கில்லாச் சாலையாலோ, பிறர் கவனக்குறைவாலோ இறந்தவன் அவ்விளைஞன். பேய்ப்படத்தின் வழக்கமான இலக்கணம் அவனை என்ன செய்கிறது? வழிப்போக்கரை அச்சுறுத்துபவனாக ஆக்குகிறது. கொல்லப்பட்டவன் கொல்ல வருபவன் ஆகிறான். படம் முடிந்து எழும் பார்வையாளர் மரத்தைக் கண்டு அஞ்சுவார். தம் கால் அழுத்தும் வேகத்தைக் கண்டு அஞ்சமாட்டார். இறந்தவனுக்கு இழைக்கப்படும் இரண்டாம் அநீதி இது.

நம் முன்னோர் அகால மரணத்திற்கு வேறொரு வடிவமும் வைத்திருந்தனர். செங்கம் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கும் பூசலில் வீழ்ந்தவனின் பெயரையும் செயலையும் பொறித்து, அவன் உருவைச் செதுக்கி நிறுத்தினர். அங்கும் மரணம் கொடியதே. ஆயினும் இறந்தவன் ஊரை அச்சுறுத்துபவனாக நிற்கவில்லை, காப்பவனாக நிற்கிறான். ஒரே வகை மரணத்தைப் பேயாகவும் சொல்லலாம், நடுகல்லாகவும் சொல்லலாம். வகைமை மாறும்போது இறந்தவரின் மதிப்பே மாறிவிடுகிறது.

அப்படியாயின் பேய்ப்படம் தள்ளத்தக்கதா? அவ்வாறு முடிவு கட்டுவது அவசரம். 2011இல் வெளிவந்த ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா'வை நினைத்துப் பாருங்கள். ஆரவாரம் மிகுந்த வெகுசனப் படம் அது. ஆயினும் அதில் வரும் பேய், நிலத்திற்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. அவளைக் கண்டு அலறிய அரங்கம், அவள் கதையைக் கேட்டபின் அவள் பக்கம் சாய்கிறது. திகில் என்னும் வடிவம் இங்கே கேட்கப்படாத ஒரு முறையீட்டைக் கேட்கச் செய்யும் வழியாயிற்று. ஆக, குற்றம் வகைமையில் இல்லை. அச்சத்தை எத்திசையில் திருப்புகிறோம் என்பதிலேயே நன்மையும் தீமையும் உள்ளன.

இரண்டாம் கூற்றுக்கு வருவோம். ஆவணப் படம் எடுப்பவர் தம் மனச்சான்று தூயது என்று எளிதில் நம்பிவிடுகிறார். உண்மையைத்தானே காட்டுகிறோம் என்பது அவர் வாதம். போலந்து நாட்டு இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் வாழ்வு இங்கே நமக்குப் பாடமாகும். அவர் திரைப்படப் பள்ளி மாணவராக இருந்தபோது 1966இல் 'அலுவலகம்' என்றொரு குறும்படம் எடுத்தார். ஓய்வூதிய அலுவலகத்தின் சாளரத்தின் முன் முதியோர் வரிசையில் நிற்பதும், அவர்களிடம் தாள்மேல் தாள் கேட்கப்படுவதுமே படம். பெரிய கதை ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் ஆட்சிமுறையே அதில் தெரிந்தது. தொடர்ந்து பல ஆண்டுகள் ஆவணப் படங்கள் எடுத்தவர், வார்சா இரயில் நிலையத்தில் 'நிலையம்' என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, காவலர்கள் அவருடைய படச்சுருள்களைக் கைப்பற்றினர். தாயைக் கொன்றதாக ஐயுறப்பட்ட ஒரு பெண் தற்செயலாக அதில் பதிவாகியிருக்கலாம் என்று அவர்கள் எண்ணினர். அவள் பதிவாகியிருக்கவில்லை. ஆயினும், தாம் விரும்பாமலேயே காவல் துறையின் கண்ணாக மாறியிருக்கக்கூடும் என்பது அவரை உலுக்கியது. பிறருடைய உண்மைக் கண்ணீரைப் படம் பிடிக்கத் தமக்கு என்ன உரிமை என்ற அச்சமும் அவருள் வளர்ந்தது. ஆவணப் படத்தை விட்டு அவர் புனைகதைக்கு வந்ததற்கு இவையும் காரணங்கள். பின்னாளில் 1980களின் இறுதியில் அவர் உருவாக்கிய பத்துக் கட்டளைகள் பற்றிய படத்தொடர் அவ்வாறு வந்ததே.

மகனை இழந்த தாயின் முன் ஒளிப்பதிவுக் கருவியை நிறுத்தி, "அன்று என்ன நடந்தது, அம்மா?" என்று கேட்கும் மாணவர், இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். அவள் அழுவாள், அது உண்மையான அழுகை. படத்திற்கு அதுவே உச்சக்காட்சியாகவும் அமையும். ஆனால் அக்கண்ணீர் யாருக்குச் சொந்தம்? நடிகை அழுதால் அது அவள் நமக்குத் தந்தது. தாய் அழுதால் அது நாம் எடுத்துக்கொண்டது. அவள் மனமுவந்து தந்தாலன்றி அதனைத் தொடும் உரிமை நமக்கில்லை. எனவே உண்மை வடிவம் தானாகவே அறவடிவம் ஆகிவிடாது.

மூன்றாம் கூற்றைக் கேட்டதும் நகைக்கத் தோன்றும். சாலை விபத்தைக் காதல் கதையாகச் சொல்வதா? ஆனால் அவ்வாறு சொல்லப்பட்ட படம் ஒன்று நம்மிடம் உண்டு. எம். சரவணன் இயக்கி 2011இல் வெளிவந்த 'எங்கேயும் எப்போதும்', கூட்டேரிப்பட்டைக் கடந்து செல்லும் இதே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இரு பேருந்துகள் மோதுவதிலிருந்து தொடங்குகிறது. அதன்பின் படம் பின்னோக்கிச் சென்று இரண்டு காதல்களை மெல்லச் சொல்கிறது. பயணிகளின் சிறு ஆசைகளும் வேடிக்கைப் பேச்சுகளும் நமக்குப் பழகிப்போகின்றன. மோதல் வருமென்று நமக்கு முன்பே தெரியும், அவர்களுக்குத் தெரியாது. மீண்டும் அது வரும்போது, நாளேட்டில் நாம் புரட்டிவிட்டுப் போகும் எண்ணிக்கைக்குப் பெயரும் முகமும் வந்துவிடுகின்றன. காதல் என்னும் எளிய வகைமை அங்கே செய்த பணி அதுவே.

மூன்று வழிகளும் திறந்திருக்கின்றன; மூன்றிலும் வழுக்கல் உண்டு. அவ்வாறாயின் எதனைக் கொண்டு தேர்வது? ஆய்வு என்னும் சொல் இங்கேதான் பொருள் பெறுகிறது. வகைமையை ஆய்வது என்றால் அவ்வகையில் பத்துப் படங்களைப் பார்ப்பது என்று மாணவர் கருதுகின்றனர். அது தேவையே. ஒவ்வொரு படத்திலும் அச்சம் எங்கே எழுகிறது, எதனால் எழுகிறது, சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நூல்களையும் நாட வேண்டும். சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்காகக் 'கதை நேரம்' என்ற பெயரில் குறும்படங்களாக்கிய பாலு மகேந்திரா, தம்மிடம் பயில வந்தோரைச் சிறுகதைகள் படிக்கப் பணித்தவர். கூட்டேரிப்பட்டு மாணவருக்கோ அண்மையிலேயே மயிலத்தில் ஒரு தமிழ்க் கல்லூரி உள்ளது. மெய்ப்பாட்டியலை அங்கே ஒரு பேராசிரியரிடம் ஒரு பிற்பகல் கேட்டறிவது, வெளிநாட்டுத் திரைக்கதைக் கையேடுகள் பலவற்றைவிடப் பயன் தரக்கூடும்.

ஆய்வின் மறுபாதி, சாலையோரத்தில் கருவியின்றி நிற்பது. விடியற்காலையில் யார் கடக்கிறார்கள், நள்ளிரவில் எந்த விளக்கு எரிவதில்லை, விபத்து நடந்தால் முதலில் ஓடி வருபவர் யார், ஓடி வராமல் நிற்பவர் ஏன் நிற்கிறார் என்று தேநீர்க் கடைக்காரரிடம் கேட்பது. அங்கே ஒரு மறுமொழி கிடைக்கலாம்: "தொட்டால் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய வேண்டும் சார்." அடிபட்டவருக்கு உதவுவோரைத் தொல்லைப்படுத்தக் கூடாதென்று 2016இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளுக்குக் கட்டாயத் தன்மை அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அவ்வாறு உதவுபவரை 'நல்ல சமாரியர்' என்றே பெயரிட்டுக் காக்கிறது. விபத்தில் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் தமிழக அரசின் திட்டம் 2021 டிசம்பரில் இதே நெடுஞ்சாலையிலுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. சட்டம் மாறிய பின்னும் நெஞ்சில் அச்சம் எஞ்சி நிற்கிறது. தொல்காப்பியம் நான்காவதாகக் கூறிய அச்சம், ஆளும் தலைவனைக் கண்டு எழும் அச்சம், இதுவன்றோ!

இப்போது முதல் மாணவரின் பேய்ப்படத்திற்குத் திரும்புவோம். இரவு, மரம், தனியே வரும் வண்டி. எல்லாம் அப்படியே இருக்கட்டும். சாலையில் ஒருவன் குருதி வடியக் கிடக்கிறான். வண்டிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைத்து, பார்த்து, விலகிச் செல்கின்றன. உயிரோடிருப்பவர் முகங்களில் அச்சம். படுத்திருப்பவன் யாரையும் துன்புறுத்தவில்லை. அவனைத் தொட எல்லாரும் நடுங்குகின்றனர். இதுவும் திகில் படமே. பார்வையாளருக்குத் தந்த வாக்குறுதியும் காக்கப்படுகிறது; இறந்தவன் மானமும் காக்கப்படுகிறது. தாயின் முகத்தைக் காட்ட வேண்டிய தேவையும் எழவில்லை.

"மூன்று வாரத்தில் முடிக்க வேண்டிய பயிற்சிப் படத்திற்கு இத்தனை ஆராய்ச்சியா? கலைஞனுக்குச் சுதந்திரம் இல்லையா?" என்று கேட்கலாம். சுதந்திரம் உண்டு, எவ்வகையையும் எடுக்கும் உரிமை மாணவருக்கு உண்டு. ஆனால் பத்து நிமிடப் படத்தில் ஒருவரை அறிமுகப்படுத்தித் திருத்திக்கொள்ள இடமில்லை. நீண்ட படத்தில் இரண்டு மணி நேரம் கழித்தேனும் ஒரு பாத்திரத்துக்கு நியாயம் வழங்கலாம். குறும்படத்தில் வகைமை தரும் முதற்பார்வையே பெரும்பாலும் இறுதித் தீர்ப்பாகிவிடுகிறது. படம் சிறிதாகச் சிறிதாக, தேர்வின் பொறுப்பு பெரிதாகிறது. மேலும், பயிலும் காலத்தில் கண்ணுக்குப் படியும் பழக்கம் பின்னாளில் எளிதில் நீங்காது. இன்று புளியமரத்தடியில் இறந்தவனைப் பொம்மையாகப் பயன்படுத்தக் கற்றவர், நாளை பெரிய திரையில் முழு ஊரையும் அவ்வாறே பயன்படுத்துவார்.

ஆகவே, குறும்படத்திற்கு வகைமை தேர்வோர், "எது ஓடும்?", "எது எளிது?" என்ற கேள்விகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்வது நலம். சிரிக்கச் செய்வதானால், யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறோம்? அஞ்சச் செய்வதானால், யாரை அஞ்சச் சொல்கிறோம்? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்தபின் எந்த வகையை எடுத்தாலும் தவறில்லை. அப்படம் கூட்டேரிப்பட்டில் முதன்முதலாகத் திரையிடப்படும் நாளில், இறந்தவனின் வீட்டார் முன்வரிசையில் அமர்ந்திருந்தாலும் எடுத்தவர் தலைகுனிய நேராது.