பிடித்து வைத்த பணம் யாருடையது?

கட்டடக் கொந்தராத்துகளில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம் ஒன்றுண்டு. செய்த வேலைக்குரிய பணம் முழுவதும் உடனே கொடுக்கப்படுவதில்லை. இலங்கையில் பெரும்பாலும் ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதம் கழித்து வைப்பர். அவ்வாறு கழித்தது ஒப்பந்தத் தொகையின் 5 வீதத்தை எட்டியதும் கழிப்பது நின்றுவிடும். கட்டடம் கையேற்கப்படும்போது அதில் பாதியும், குறைகளைத் திருத்துவதற்கான 12 மாதம் கழிந்தபின் மறுபாதியும் கொடுபட வேண்டும். ஒரு கோடி ரூபா வேலையென்றால் 5 இலட்சம் ரூபா இவ்வாறு நிற்கும்.

உழைத்தவரின் பணத்தை இப்படி நிறுத்திவைப்பது நீதியாகுமா?

கட்டுவிப்போர் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்போம். பூச்சுப் பூசிய பின் சுவருக்குள் இருக்கும் கல்லையும் கம்பியையும் யார் காண்பார்? கோடையில் போட்ட கூரை ஒழுகுமா என்பதை மாரி வந்தபின்பே அறியலாம். முழுப் பணத்தையும் பெற்றுக்கொண்டு போனவர், உடைந்த ஓடொன்றை மாற்றப் பத்து முறை அழைத்தாலும் வராதிருப்பதைக் கண்டவர் பலர். ஆதலால், இரு தரப்பாரும் அறிந்து சம்மதித்தபடி ஒரு சிறு பகுதியைப் பிணையாக வைத்திருத்தல் தன்னளவில் அநீதி அன்று.

ஆனால் பிணை வேறு, உடைமை வேறு. வேலை அளக்கப்பட்டு ஒப்புக்கொள்ளப்பட்டதும் அதற்குரிய பணம் உழைத்தவருடையதாகி விடுகிறது. வைத்திருப்பவர் அதன் காவலர் மட்டுமே. அடகு பிடித்த நகையை அணிந்துகொண்டு திருவிழாவுக்குப் போகிறவரைப் பற்றி நாம் என்ன சொல்வோம்? பிறருடைய பணத்தைத் தம் தொழிலுக்கு முதலாக்கிக் கொள்வதும் அத்தகையதே.

இது வெறும் தர்க்கம் அன்று. நியூசிலாந்தில் மெயின்சீல் என்னும் பெரிய கட்டட நிறுவனம் 2013இல் வீழ்ந்தபோது, அதனிடம் வேலை செய்த உப கொந்தராத்துக்காரரின் நிறுத்திவைக்கப்பட்ட பணமும் அதனோடு மூழ்கியது. 2018 சனவரியில் பிரித்தானியாவின் கரிலியன் நிறுவனம் வீழ்ந்தபோதும் அவ்வாறே நடந்தது. வேலை செய்தவரின் குறைக்காக வைத்த பிணையை, வைத்திருந்தவரின் வீழ்ச்சி விழுங்கிவிட்டது. நியூசிலாந்து இதிலிருந்து பாடம் கற்றது. அப்பணம் நம்பிக்கைப் பொறுப்பாகவே வைக்கப்பட வேண்டுமென்ற சட்டம் அங்கே 2017இல் நடைமுறைக்கு வந்தது; 2023இல் அது மேலும் இறுக்கப்பட்டது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மேலே கழிக்கப்படுவது கீழேயும் இறங்குகிறது. அத்திவாரம் போட்டவர் தம் வேலையை முதல் மாதங்களிலேயே முடித்துவிடுகிறார். எனினும், வர்ணம் பூசுபவர் தாமதித்தால் அவருடைய மிச்சப் பணமும் காத்துக் கிடக்கிறது. மற்றவனின் தாமதத்துக்கு இவர் ஏன் தண்டம் கட்டவேண்டும்? நாட்கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கும்படி மோசேயின் சட்டம் கட்டளையிட்டது. கூலியாள் வறியவன், அதையே நம்பியிருப்பவன் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கொந்தராத்துக்காரர் நாட்கூலியாளர் அல்லர் என்பது மெய்யே. ஆயினும் அவரை நம்பி மேசனும் தச்சனும் அவர்தம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமக்குப் பணம் வரவில்லையென்று அவர்களின் கூலியைப் பிடிக்கக் கொந்தராத்துக்காரருக்கும் உரிமையில்லை.

ஆகவே, நிறுத்திவைப்போர் மூன்றைக் காத்தல் வேண்டும். தொகை, ஏற்படக்கூடிய குறைக்கு அளவானதாயிருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் நாள் முன்னரே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பணம் வேறாக வைக்கப்பட வேண்டும். இயலாவிடில் அதற்குப் பதிலாக வங்கி உத்தரவாதத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

பெரிய நிறுவனங்களை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. வீடு கட்டி முடித்துக் குடிபுகுதலுக்கு ஊரை அழைத்துச் சோறு போட்ட நாம், மேசனாரின் கடைசிக் காசை "பிறகு பார்ப்போம்" என்று சொல்லி நிறுத்தியதில்லையா? சுவரில் வெடிப்பு இருந்தால் அதைக் காட்டித் திருத்தச் சொல்வோம். வெடிப்பு இல்லையென்றால், அவர் படலையடிக்கு வந்து கேட்குமுன் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்.