வாய் திறவாத மாணவன்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில் சங்கீத மண்டபம் ஒன்று உண்டு. விஜயநகர அமைச்சர் இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேனரின் சொல்லுக்கிணங்கி 1387ஆம் ஆண்டில் அதைக் கட்டுவித்தார். ஆசிரியரின் சொல்லை மாணவர் கல்லில் நிறைவேற்றிய அவ்வூர்ப் பக்கத்து நெசவுத் தெருக்களிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்கின்றனர். தங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறும் முதல் தலைமுறையினர் அவர்களுள் பலர்.

அவர்களுள் இயல்பிலேயே கூச்சமுள்ள ஒரு பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். பட்டுத்தறியில் தந்தை சேலையின் உடலை நெய்ய, பக்கத்தில் அமர்ந்து கோர்வைக் கரைக்கு நாடா கோத்து வளர்ந்தவன். தறியோசைக்கு நடுவே பேச்சுக்கு வேலை குறைவு. கண் கண்டதைக் கை செய்யும். அந்த வீட்டில் அவனை யாரும் ஊமை என்றதில்லை. பொறுப்பான பிள்ளை என்றார்கள். அதே பிள்ளை விடுதி உணவறையில் தட்டும் கையுமாக நின்று, எந்த மேசைக்குப் போவதென்று தெரியாமல் விழிக்கிறான். வகுப்பில் கேள்வி ஆங்கிலத்தில் வந்தால், விடை தெரிந்தும் தலை குனிகிறான். பெண்பிள்ளையின் நிலை இன்னும் சிக்கலானது. வீட்டில் அடக்கம் என்று புகழப்பட்டதே வகுப்பில் மந்தம் என்று இகழப்படுகிறது. இருவருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றே: "கூச்சத்தை விட்டுவிடு." ஆனால் கூச்சம் ஒரு குறையா? குறையே என்றாலும், அதைப் போக்கும் கடமை அந்தப் பிள்ளைக்கு மட்டுந்தானா?

திருவள்ளுவர் 'நாணுடைமை' என்று ஓர் அதிகாரமும் 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரமும் வகுத்தார். இழிசெயலுக்கு நாணுவது அவருக்குப் பண்பு. கற்றவன் அவைக்கு அஞ்சுவது குறை. நம் மாணவனின் மௌனம் இவ்விரண்டிலும் முழுமையாக அடங்கவில்லை என்பது என் எண்ணம். மற்றவர்களுக்கு முன்பே பழகிப்போன ஓரிடத்தில் புதியவனாய் நிற்பவனின் மௌனம் அது. பழங்காஞ்சியும் இத்தகைய புதியவர்களைக் கண்டதுண்டு. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மர், தம் ஆசிரியர் வீரசர்மருடன் காஞ்சிக் கடிகைக்குக் கல்வி கற்க வந்தார். பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு நேர்ந்த பூசலால் சினமுற்று, படிப்பை விட்டு வாளேந்திக் கதம்ப அரசை நிறுவினார். கருநாடகத்துத் தாளகுந்தாக் கல்வெட்டிலிருந்து அறிஞர் கொள்ளும் செய்தி இது. எல்லா மாணவருக்கும் அந்தத் துணிவு வாய்ப்பதில்லை. பலர் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

அப்படித் திரும்பியவருள் ஒருவர் காந்தியடிகள். 1888இல் பவநகரின் சாமல்தாஸ் கல்லூரியில் சேர்ந்தவர், பாடம் எதுவும் விளங்காமல் முதற்பருவத்தோடு வீடு வந்தார். அவ்வாண்டே இலண்டனுக்குக் கப்பலேறியபோது, எந்த உணவில் இறைச்சி இல்லை என்று பரிசாரகரிடம் கேட்கக் கூசி, கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் தம் அறையிலேயே உண்டார். இலண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் அமர்ந்தும் வாய் திறந்தாரில்லை. பின்னர், மருத்துவர் அல்லின்சன் என்னும் உறுப்பினரை அவருடைய கருத்துக்காகச் சங்கத்திலிருந்து நீக்க முயன்றார்கள். அக்கருத்து காந்திக்கும் உடன்பாடில்லை. ஆயினும் அதற்காக ஒருவரை நீக்குவது அநீதி என்று அவர் மனச்சான்று சொன்னது. பேச நா எழவில்லை. எழுதிக்கொண்டு போனார். எழுதியதைப் படிக்கவும் துணிவு வரவில்லை, வேறொருவர் படித்தார். அல்லின்சன் தரப்பு தோற்றது என்பது வேறு செய்தி.

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை நினைத்ததுண்டு. கூச்சம் அவரைக் கடமையிலிருந்து விடுவிக்கவில்லை. அநீதியைக் கண்டும் 'எனக்குப் பேச வராது' என்று ஒதுங்கியிருந்தால் அது கூச்சமன்று, கோழைத்தனம். அதே வேளையில், அவர் நாவன்மை பெறும்வரை நீதி காத்திருக்கவும் இல்லை. தாளும் இன்னொருவர் குரலும் போதுமாயிருந்தன. நாவு திக்கும் மோசேக்கு இறைவன் சரளமான நாவைத் தரவில்லை, ஆரோனைத் தந்தார்.

1248ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொலோன் நகரில் புனித ஆல்பர்ட்டிடம் பயின்ற தாமஸ் அக்குவினாஸ், பருத்த உடலும் பேசா வாயும் கொண்டவர். உடன் படித்தோர் 'ஊமை எருது' என்று பெயரிட்டனர். அந்தப் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவருடைய பழைய வரலாற்றில் வரும் இன்னொரு செய்தி அவ்வளவாகத் தெரியாது. ஒரு மாணவர் இரக்கப்பட்டு, நாள்தோறும் பாடத்தை அவருக்கு விளக்கித் தர முன்வந்தார். தாமஸ் நன்றியோடு கேட்டுக்கொண்டார். ஒருநாள் விளக்கியவரே தடுமாறியபோது, தாமஸ் அப்பகுதியை மெல்ல எடுத்து விளக்கினாராம். எள்ளிய கூட்டத்துக்கு நடுவே அவர் வாய் திறந்தது, பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருவரிடம்.

பக்கத்தில் வந்து உட்காருவதை எந்தச் சட்டமும் செய்விக்காது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில், மருத்துவ முதலாண்டு மாணவர் பொன். நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 1997இல் தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் நிறைவேறியது. தேவையான சட்டம். புதியவனைத் துன்புறுத்தாதே என்று அது சொல்லும். உணவறையில் தனியே நிற்பவனைக் கண்டும் காணாமல் போகிறவன் எந்தப் பிரிவிலும் குற்றவாளி ஆவதில்லை. விடை தெரிந்தவன் முதலில் தமிழில் சொல்லட்டும், பிறகு ஆங்கிலமாக்கிக்கொள்வோம் என்று ஐந்து நிமிடம் ஒதுக்காத ஆசிரியரையும் யாரும் கேட்பதில்லை. நம் வீட்டு மூத்த மாணவர்கள் அத்தகைய உணவறைகளில்தான் நாள்தோறும் அமர்கிறார்கள்; நாம் அவர்களிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோமா?

தீபாவளி விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் பெற்றோர் முதலில் விசாரிப்பது மதிப்பெண்ணை. "அங்கே யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய்?" என்றும் கேட்டுப் பார்க்கலாம். அவன் ஒரு பெயரைச் சொன்னால் கவலை வேண்டாம். பெயர் வரச் சற்றுத் தாமதமானால், விடுமுறை முடிந்து அவன் திரும்பும்போது தந்தையும் விடுதிவரை உடன் சென்று வருவது நல்லது.