ஓடுகிற வண்டிக்குச் செலவு எதற்கு?

கெட்டுப்போன பொருளைப் பழுது பார்க்க வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இன்னும் கெடாத ஒரு பொருளைக் கழற்றி வைத்துவிட்டு, பணம் கொடுத்துப் புதியது வாங்கிப் போட வேண்டுமா? போடாவிட்டால் அது குற்றம் ஆகுமா? இந்தக் கேள்வியை இன்று சற்று யோசித்துப் பார்ப்போம். பார்வைக்குச் சிறிய கேள்விதான். ஆனால் சிலமலையிலிருந்தும் போடியிலிருந்தும் மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கு இது உயிர்க் கேள்வி.

ஒரு பழைய ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டு, முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டுக்குப் போகிறது. போடியிலிருந்து மெட்டுக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சாயங்காலம் அதே வழியாக இறங்கி வருகிறது. வண்டிக்கு வயதாகிவிட்டது. ரேடியேட்டரும் ரப்பர் ஹோஸ்களும் பல வருஷம் உழைத்தவை. ஆனாலும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

மெக்கானிக் சொல்கிறார்: “அண்ணே, ஹோசு, பெல்ட்டு, தெர்மோஸ்டாட்டு, ரேடியேட்டர் மூடி எல்லாத்தையும் ஒரே தடவையா மாத்திருங்க. வாட்டர் பம்பும் ரொம்ப நாளாச்சு.”

சொந்தக்காரர் பதில் சொல்கிறார்: “ஓடுற வண்டிக்குச் செலவு எதுக்குத் தம்பி? நின்னாப் பாத்துக்கலாம்.”

இவர் கெட்ட மனிதர் அல்லர். சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவர். உபயோகத்தில் இருக்கும் பொருளை வீணாக்கக்கூடாது என்று அவரைப் பெற்றவர்கள் சொல்லி வளர்த்திருப்பார்கள். நம்மில் பலரும் இதே பதிலைத்தான் சொல்வோம். ஆகவே அவரைக் கண்டிப்பதற்கு முன், அவருடைய பேச்சில் எது சரி, எது பிசகு என்று பிரித்துப் பார்ப்போம்.

முதலில் வண்டியைப் பார்ப்போம். இஞ்சினுக்குள் எரிகிற டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை ஓட்டப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது. மீதி மூன்றில் ஒரு பங்கு சூட்டை இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் விட வேண்டும். ரேடியேட்டர் மூடி அந்தத் தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. அதனால்தான் அது 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துபோனால் அந்தக் காவல் போய்விடும். மெட்டின் உயரத்திலோ திறந்த தண்ணீர் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாரம் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் முனகி ஏறுகிற வண்டிக்கு அந்த 96 டிகிரி வெகு தூரத்தில் இல்லை.

தண்ணீர் போய்விட்டால் என்ன ஆகும்? ஹெட் கேஸ்கட் போகும், ஹெட் வளையும், கடைசியில் பிஸ்டன் இறுகி இஞ்சினே நின்றுவிடும். சில ஹோஸும் ஒரு பெல்ட்டும் மிச்சம் பிடிக்கப் போய், இஞ்சின் வேலைக்குப் பணம் கொடுக்க நேரிடும். இது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். ஆனால் நாம் பேச வந்தது பணக் கணக்கு மட்டும் அல்ல.

“இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே” என்கிறார் அவர். இந்த வார்த்தையில்தான் முதல் பிசகு இருக்கிறது.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தார். அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாய்ப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே வழியெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். வண்டியே “தாகம்” என்று கேட்டது, அவர்களும் கொடுத்தார்கள். பிறகு 1900ஆம் ஆண்டையொட்டி வில்ஹெல்ம் மேபாக் என்பவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். காலப்போக்கில் எல்லாம் மூடிய அமைப்பாகிவிட்டது. இன்றைய வண்டி மாதக்கணக்கில் ஒன்றும் கேட்பதில்லை. அது பேசாமல் இருப்பதை நாம் ஆரோக்கியம் என்று எண்ணிவிடுகிறோம்.

ரப்பர் ஹோஸ் பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடுகிறது. வெளியே கறுப்பாக, நன்றாகவே தெரியும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போது பிளந்துவிடும். சூடு காட்டும் முள்ளை நம்பலாமே என்றால், அது தண்ணீரின் சூட்டைச் சொல்வதற்காக வைத்தது. தண்ணீர் முழுதும் கொட்டிப்போனால் அந்த முள் உள்ளதைச் சொல்லாமல் போகவும் கூடும். ஆக, நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்குச் சாட்சி ஆகாது. கடந்துபோன ஒவ்வொரு நாளும் ரப்பருக்கு ஒரு நாள் வயதைக் கூட்டியிருக்கிறது என்பதே உண்மை.

இரண்டாவது பிசகு இதைவிடப் பெரியது. “நின்னாப் பாத்துக்கலாம்” என்கிறாரே, எங்கே நிற்கும், யார் பார்த்துக்கொள்வது?

வண்டி வீட்டு வாசலில் நிற்கப் போவதில்லை. பாரமும் ஏற்றமும் சேர்கிற இடத்தில், வளைவில், பின்னால் லாரி வருகிறபோதுதான் நிற்கும். இறக்கத்தில் இஞ்சின் நின்றால், பவர் பிரேக் உள்ள வண்டியில் சில மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாய் இறுகிவிடும். அவசரப்பட்டுச் சூட்டோடு மூடியைத் திறக்கிறவரின் முகத்திலும் கையிலும் கொதிநீர் பீறிட்டு அடிக்கும். இவை ஒன்றும் நேராவிட்டாலும், வண்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போயிற்று. கூலியை நம்பி வீட்டில் உலை வைத்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரிடமாவது சொந்தக்காரர், “பழைய ஹோஸோடுதான் போகிறோம், சம்மதமா?” என்று கேட்டாரா?

இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். மிச்சமாகிற பணம் ஒருவருக்கு. வரப்போகிற ஆபத்து வேறொருவருக்கு. தன் காசை, தன் வசதியை ஒருவர் பணயம் வைத்தால் அது அவர் பாடு. பிறருடைய கையையும் காலையும் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. அதற்குச் சூதாட்டம் என்று பெயர். பல வருஷம் ஜெயித்துக்கொண்டே வந்தாலும் சூது சூதுதான்.

வண்டிக்குள் மாதா படம் ஒட்டியிருக்கிறதே, அந்தப் பாதுகாவல் போதாதா என்று கேட்பாரும் உளர். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ், விவேகம் என்னும் புண்ணியத்தின் பகுதிகளை எடுத்துச் சொல்லும்போது, வருவதை முன்னே பார்த்தல், சூழ்நிலையைச் சுற்றிப் பார்த்தல், தீங்கு வராதபடி எச்சரிக்கையாய் இருத்தல் ஆகிய மூன்றையும் அதில் சேர்த்திருக்கிறார். ஜெபம் இந்த மூன்றுக்கும் பதிலாக வருவதன்று. ஜெபித்துவிட்டு ஹோஸையும் பார்க்க வேண்டும்.

நிற்க. சொந்தக்காரர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? அவருக்கு இரண்டு நியாயங்கள் உண்டு.

ஒன்று: “பயந்து பயந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருந்தால் அதற்கு முடிவு எங்கே?” நல்ல கேள்வி. முன்யோசனை வேறு, பயம் வேறு. பயம் எல்லாப் பொருளையும் ஒரே மாதிரி சந்தேகிக்கும். முன்யோசனை தரம் பிரிக்கும். சீட்டுக் கிழிந்தால் யாருக்கும் உயிர் போகாது. அது கிழிந்தபின் தைத்துக்கொள்ளலாம். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து முன்கூட்டியே நமக்குச் சொல்லும். கசிவைக் கண்டதும் மாற்ற வேண்டியது நம் பொறுப்பு. எச்சரித்துக் கெடுகிற பொருளுக்குக் கண் வேண்டும். எச்சரிக்காமல், ஒரே அடியாய், பிறர் தலையில் கெடுகிற பொருளைத்தான் காலம் பார்த்து முன்னே மாற்ற வேண்டும். நல்லவேளையாக, ஹோஸ், பெல்ட், மூடி, தெர்மோஸ்டாட் இவைதான் விலையிலும் சிறியவை. ரேடியேட்டரைப் பரிசோதித்துப் பார்த்து, அடைப்பும் அரிப்பும் இருந்தால் மாற்றலாம்.

இரண்டாவது நியாயம் இன்னும் கனமானது: “பணம் எங்கே இருக்கிறது? வாடகையை நீங்கள் எல்லாரும் சேர்ந்து குறைத்துவிட்டு, வண்டியை மட்டும் புதிது போல வைத்திரு என்றால் எப்படி?” இதற்கு நாமும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆள் கூட்டிப் போகிறவர் குறைந்த வாடகைக்கு வருகிற வண்டியைத் தேடுகிறார். தோட்டக்காரர் ஆட்கள் நேரத்துக்கு வந்தால் போதும் என்று இருக்கிறார். நாமும் பக்கத்து வண்டி பத்து ரூபாய் குறைவு என்றால் அதில் ஏறிக்கொள்கிறோம். இப்படி எல்லாரும் சேர்ந்து அந்த ஹோஸைப் பழையதாகவே வைத்திருக்கிறோம். வெடித்த அன்றைக்கு டிரைவர் ஒருவர் பேரில் மட்டும் பழியைப் போடுகிறோம்.

நம் கிராமங்களில் குடிமராமத்து என்று ஓர் ஏற்பாடு இருந்தது. மழைக்கு முன்னே கண்மாய்க் கரையைப் பலப்படுத்தவும், வாய்க்காலைத் தூர் எடுக்கவும், பாசனம் பெறுகிற குடிகள் தங்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். கரை அதுவரை உடையவில்லை என்று யாரும் வீட்டில் இருந்துவிடவில்லை. உடைந்தால் எல்லார் வயலும் போகும். ஆகவே காப்பதும் எல்லார் பொறுப்பு. ஜீப்புக்கும் அதே நியாயம்தான். ஆபத்தில் பங்குள்ளவர்கள் வருமுன் காக்கும் செலவிலும் பங்கு எடுக்க வேண்டும். ஏறுகிறவர்கள் பராமரிப்புக்கென்று வாரம் ஒரு சிறு தொகை சேர்த்துக் கொடுக்கலாம். தோட்டக்காரர் நியாயமான வாடகை கொடுத்து, வண்டியைப் பரிசோதித்தாயிற்றா என்று கேட்கலாம். அப்படிப் பணம் வாங்குகிற சொந்தக்காரரும் அதை வேறு செலவுக்கு எடுக்காமல் வண்டிக்கே செலவிட வேண்டும்.

இந்த வேலைக்கு ஒரு குறை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். பள்ளத்தில் விழுந்தவரைத் தூக்கிவிட்டவருக்கு ஊரே மாலை போடும். விழாமல் பார்த்துக்கொண்டவரை யாருக்கும் தெரியாது. நடக்காத விபத்துக்குச் சாட்சி ஏது? “பார், வீணாகச் செலவழித்தான், வண்டி சும்மாதானே ஓடுகிறது” என்று கேலிகூடச் செய்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிற பொறுமையும் இந்தக் கடமையோடு சேர்ந்ததே.

ஆகவே அன்பார்ந்த வாசகர்களே, வண்டி வைத்திருக்கிறவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை, இஞ்சின் நன்றாக ஆறியபின், ஹோஸின் இரண்டு முனைகளையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். நடுப்பகுதியைப்போல் இல்லாமல் முனை மட்டும் கொழகொழத்தாலும், இறுகி நொறுங்குவதுபோல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பெல்ட்டைத் திருப்பி உள்பக்கம் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி இல்லாதவர்கள், நாளைக் காலையில் ஏறும்போது டிரைவரிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள்: “அண்ணே, தண்ணி, ஹோசு எல்லாம் பாத்தாச்சா? செலவு இருந்தாச் சொல்லுங்க, நாங்களும் சேந்து போடுறோம்.” இந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் முதல் வாக்கியத்தைக் கேட்கும் உரிமை நமக்கு வரும்.